டாங்கிக்குள் அடித்த வெளிச்சம்

தண்ணீருக்கு அடியில் படம் எடுப்பதற்கான ஸ்ட்ரோப் விளக்கு ஹட்டனில் என்னிடம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சின்னத் தேங்காய் அளவுதான் இருக்கும், கறுப்பு நிறம், உள்ளே நான்கு பேட்டரி. கேமரா படம் பிடிக்கிற அதே கணத்தில் பளீரென்று அடித்து அணைந்துவிடும். மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைத் துடைத்துக் கிரீஸ் பூசி மூடினால் ஆள் இறங்குகிற ஆழத்துக்குக் கொண்டுபோனாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது.

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். இருபத்திரண்டு வயதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் ஓர் இடத்தில் ரசீது எழுதுகிற வேலைக்குத்தான் போனேன். நான்கு வருடம் அங்கே இருந்தேன். நீந்தப் பழகினேன், காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கப் பழகினேன், கடைசியில் வருகிறவர்களை மீன்களோடு சேர்த்துப் படம் எடுக்கிற வேலையே எனக்கு வந்துவிட்டது. ஆழம் போகப்போகச் சிவப்பு காணாமல் போய் எல்லாமே நீலமாகத் தெரியும். ஸ்ட்ரோப் அடித்தால்தான் பவளம் தன் நிறத்தில் வரும். அந்த இடத்தை மூடியபோது முதலாளி பழைய கேமராவையும், அதன் தண்ணீர் புகாத பெட்டியையும், ஸ்ட்ரோப்பையும் எனக்கே கொடுத்துவிட்டார். ஹட்டனுக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைப் படம். ஸ்ட்ரோப் ஒரு வருடத்துக்கும் மேலாக அலமாரியில் கிடந்தது.

போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில் அக்கா போன் பண்ணினாள். அவள் இன்னும் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறாள்.

"பீலித் தண்ணி திரும்பவும் மண்ணு கலர்ல வருது புள்ள. சின்னவனுக்கு மூணு நாளா வயித்தால போகுது. லயத்துல பாதிப் புள்ளைங்களுக்கு இதே கததான்."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னோமே. டாங்கி சுத்தமா இருக்காம். நாங்கதான் பீலியச் சுத்தமா வச்சிக்கிறதில்லையாம். எங்க பழக்கம் சரியில்லையாம்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. விடிவதற்கு முன்பே எழுந்து, எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு மலைக்குப் போகிறவள் அவள். கெட்ட தண்ணீரைவிட அந்தச் சொல்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் டாங்கி லயத்துக்கு மேலே, சரிவில் பாதி புதைந்த மாதிரி இருக்கும். ஊற்றுத் தண்ணீர் அதில் விழுந்து, அங்கிருந்து குழாய் வழியாகப் பீலிகளுக்கு வருகிறது. மேலே இரண்டடிச் சதுரத்தில் ஓர் இரும்பு மூடி. அதைத் திறந்து டார்ச் அடித்தால் தண்ணீரின் மேல்பரப்புதான் பளபளக்கும், கீழே ஒன்றும் தெரியாது. தண்ணீரை வெளியேற்றுகிற அடைப்பானோ துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதை உடைத்துத் தண்ணீரை வெளியேற்றினால் ஆறு லயத்துக்கும் பல நாள் தண்ணீர் இல்லை. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததேயில்லை.

"நான் இறங்கிப் பார்க்கிறேன்" என்றேன், தோட்டத்துக்குப் போய்த் தலைவரிடம். தொழிற்சங்கத்துக்காரர், அப்பாவின் வயது.

அவர் பதறிப்போனார். "என்னம்மா பேசுறீங்க? குடிக்கிற தண்ணியில ஆளு எறங்கலாமா?"

அவர் சொன்னதும் சரிதான். ஆள் இறங்க வேண்டாம், கேமரா இறங்கட்டும் என்று முடிவு செய்தோம். டாங்கி மூடியின் சாவி, தோட்டத்து உதவி மேலாளரான சின்னத் தொரையிடம் இருந்தது. புதிதாக வந்த இளைஞர், சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். "போட்டோதானே? எடுங்க. நானும் வாறேன்" என்றார். நாங்கள் ஏதாவது குழப்பம் செய்வோமோ என்று பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூங்கில் கம்பு, கேமராப் பெட்டி, ஸ்ட்ரோப் எல்லாவற்றையும் கொதித்த தண்ணீரில் கழுவி, டிஸ்பென்சரியில் வாங்கிய பிளீச்சிங் பவுடரிலும் அலசினோம். கேமராவைக் கம்பின் நுனியில் கட்டினேன். பத்து விநாடிக்கு ஒரு படம் தானாகவே எடுக்கும்படி வைத்தேன். மூடி சின்னது என்பதால் ஸ்ட்ரோப்பைக் கேமராவின் தலைமேலேயே ஒட்டினாற்போல் கட்ட வேண்டியிருந்தது. உள்ளே விட்டதும் இருட்டில் மின்னல் மாதிரி அடித்தது. சுற்றி நின்ற பெண்கள் "ஆத்தாடி" என்று பின்வாங்கினார்கள்.

வெளியே எடுத்துப் பார்த்தால் படமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஆயிரக்கணக்கான புள்ளி. புள்ளிக்குப் பின்னால் சுவர் இருப்பதுகூடத் தெரியவில்லை.

சின்னத் தொரை எட்டிப் பார்த்தார். "இது என்ன, பனி கொட்டுதா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, ஆனால் பின்னால் நின்ற கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். அக்கா மூங்கிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் என்மேல் எனக்கே கோபம் வந்தது. கடலில் முதல் மாதம் நான் செய்த தவறு இதேதான். தண்ணீரில் தூசு மிதக்கும்போது விளக்கு கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தால், முன்னால் மிதக்கிற ஒவ்வொரு தூசும் வெளிச்சத்தைத் திருப்பிக் கண்ணில் அடிக்கும். மூடுபனியில் பெரிய லைட்டைப் போட்ட லொறி டிரைவரைக் கேட்டால் சொல்வார். விளக்கை நன்றாக விலக்கிப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். கடலில் அதற்கு நீளமான கைகள் உண்டு. இந்த இரண்டடி மூடிக்குள் எந்தக் கை நுழையும்?

டிக்கோயா தாண்டும்போது பதில் கிடைத்தது. ஒரு கம்பு எதற்கு? இரண்டு கம்பு. ஒன்றில் கேமரா, மற்றதில் ஸ்ட்ரோப். இரண்டையும் மூடி வழியாகச் சேர்த்து இறக்கி, உள்ளே போனதும் கத்தரிக்கோல் மாதிரி விரித்தால் போதும். இரண்டையும் இணைக்கிற, ஒளியைக் கடத்தும் சுருள் கம்பி ஒரு மீட்டர் வரை நீளும். கேமராவின் சொந்த ஃப்ளாஷ் தூசில் படாமல் கறுப்பு டேப்பால் மூடிவிடலாம். அந்தக் கம்பி வழியாக அதன் ஒளி ஸ்ட்ரோப்புக்குப் போய், 'அடி' என்று சொன்னால் போதும்.

பஸ்ஸிலிருந்தே அக்காவை அழைத்தேன். "அடுத்த ஞாயித்துக்கிழம திரும்ப எடுப்போம். லைட்டு நீ புடிக்கணும்."

"எனக்கு என்னா தெரியும்?"

"நான் சொல்ற பக்கம் சாய்ச்சாப் போதும்."

அடுத்த ஞாயிறும் சின்னத் தொரை வந்தார். வர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் வந்தார். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. பீலியில் தண்ணீர் தேயிலைச்சாயம் போல ஓடிக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் மூடியின் இரு பக்கமும் குப்புறப் படுத்துக் கம்புகளை இறக்கினோம்.

"இடப் பக்கம் விரி. இன்னும். கொஞ்சம் வெளிய பாத்தாப்ல திருப்பு."

"கை நோகுது புள்ள."

"ஆடாத. பத்து எண்ணு."

ஒளி அடித்தது. பத்து எண்ணினாள். மறுபடி அடித்தது. மலைப் பக்கத்துச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை அப்படியே நகர்ந்து நகர்ந்து எடுத்தோம். கம்புகளை மேலே இழுத்துப் படங்களைத் திறந்து பார்த்தோம்.

முதல் சில படங்களில் வெறும் சுவர். ஆனால் சுவர் தெரிந்தது! சிமெந்தில் பலகையின் ரேகைகூடத் தெரிந்தது. ஏழாவதோ எட்டாவதோ படத்தைத் திறந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் வழியாக ஒரு மரத்தின் வேர் உள்ளே வந்து, தாடி மாதிரி ஆயிரம் இழையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிர் சிவப்பு நிறம், ஒவ்வோர் இழையும் தனித்தனியாக. வேருக்குப் பக்கத்தில் வெடிப்பிலிருந்து செம்மண் தண்ணீர் புகை போலப் பிரிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. அடியில் விசிறி விரித்த மாதிரி சேறு. கடலில் நான் எடுத்த எந்தப் படமும் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

சின்னத் தொரை கேமராவைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, டாங்கிக்கு மேலே நிற்கிற சவுக்கு மரத்தையும், அதன் பக்கத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற கானையும் பார்த்தார். மலையில் போடுகிற உரமும் மருந்தும் மழையோடு அந்தக் கான் வழியாகத்தான் இறங்கும்.

"இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்க?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றாள் அக்கா. "பழக்கம் சரியில்லாத ஆளுங்க நாங்கதான்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "கேமராவை ஒரு மணித்தியாலம் குடுங்க. நானே பெரிய தொரைக்கிட்ட காட்டுறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார். கொடுத்திருக்கக் கூடாதோ என்று தலைவர் முணுமுணுத்தார். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, ஜீப் வந்தது. பெரிய தொரையே இறங்கி டாங்கிவரை ஏறி வந்தார்.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் போக வரிசையில் நிற்கும்போது, அவர் சொன்னாராம்: "பிழை டாங்கியில. உங்க மேல இல்ல. அப்படிச் சொன்னது எங்க தவறு." நான் ஸ்டூடியோவில் ஒரு குழந்தையை அசையாமல் உட்காரவைக்கப் போராடிக்கொண்டிருந்தபோது அக்கா போனில் இதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது.

பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே டாங்கியைக் காலி செய்தார்கள். வேரை வெட்டி வெளியே இழுத்தபோது அது ஒரு ஆள் உயரம் இருந்தது. வெடிப்பை அடைத்து, உள்ளே புதிதாகச் சிமெந்து பூசி, கானை டாங்கிக்கு எட்டாதபடி திருப்பிவிட்டார்கள். வேலை நடந்த ஒவ்வொரு நாளும் முறைவைத்து இரண்டு பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பார்க்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

வேலை முடிந்து முதல் பெரிய மழை ஒரு வெள்ளிக்கிழமை பெய்தது. சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பீலிக்கரையில் கூட்டம். யாரோ ஒரு கண்ணாடிப் போத்தலை நிரப்பி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்கள். போத்தலுக்கு அந்தப் பக்கம் நின்ற தலைவரின் மீசை இந்தப் பக்கம் தெரிந்தது. அவ்வளவுதான், ஒரே கூச்சல். ஒருத்தி குடத்துத் தண்ணீரைத் தலைவர் மேலேயே ஊற்றிவிட்டாள். அவர் திட்டவில்லை, மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பக்கத்து டிவிஷனிலிருந்து நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுடைய டாங்கியையும் பார்க்க வேண்டுமாம். "படம் எடுக்கிறவங்க யாரு?" என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கேமரா தங்கச்சியோடது" என்றாள். "லைட்டு நான்."