வெயிலில் வெளுத்த நைனா

கையை வைத்ததும் ஃபிரேமின் மரம் சுட்டது. காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை... கிழக்கு ஜன்னல் வழியாக வந்த வெயில், சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் மேல் மொத்தமாக விழுந்து கிடந்தது. தெருவில் நெல் காய்கிற வாசனை.

சாலவாக்கத்தில், என் காலேஜ் தோழி பூங்காவனத்தின் அண்ணன் வீடு அது. படிப்பு முடிந்து வேறு வேறு வேலைகள் பார்த்துவிட்டு, சென்னையில் பழைய ஓவியங்களைப் பாதுகாக்கிற வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். உத்திரமேரூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். ஸ்டாப்பிங்கில் ஏழுமலை அண்ணன் மொபெட்டோடு காத்திருந்தார்.

அந்தப் படம் எனக்கு நன்றாகத் தெரியும். ஃபைனல் இயரில் பூங்காவனம் வரைந்தது. அவளுடைய அப்பா... நைனா என்றுதான் அண்ணனும் தங்கையும் அவரைக் கூப்பிடுவார்கள்... சாயங்காலம் ஏரிக்கரையில் தோளில் துண்டோடு நிற்கிறார். வானம், துண்டு, முகம், எல்லாவற்றிலும் ஒரே ரோஸ் வெளிச்சம். அக்ரிலிக்கில் தண்ணீர் நிறைய விட்டு மெல்லிசாகப் பூசியிருந்தாள். எங்கள் எக்ஸிபிஷனில் அதன் முன்னால் வந்து நின்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கல்யாணத்துக்கு அதையே கொடுத்தாள். தெருவில் போகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று அவர் அதை ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்.

நான் போன அன்றைக்கு அதில் ரோஸே இல்லை. ஏரியின் நீலம் இருந்தது, கரையின் மண் நிறம் இருந்தது. நைனா மட்டும் பனிக்குள் நிற்பவர்போல வெளுத்து... முகம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"வருசா வருசம் போய்க்கினே கீறாரும்மா," என்றார் ஏழுமலை அண்ணன். "நான் பாத்துக்கினே கீறேன்."

நைனா இறந்தபோது பூங்காவனம் பரோடாவில் வேலையில் இருந்தாள். மறுநாள் காலைக்குள் வந்துவிடுகிறேன், அதுவரை எடுக்காதீர்கள் என்று போனில் கெஞ்சினாள். அண்ணன் கேட்கவில்லை. அவள் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

இப்போது பொங்கலுக்கு வருகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தாள். அதற்குள் நான் அந்த ரோஸைத் திரும்பப் பூசிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சில ரோஸ் நிறங்கள் ட்யூபில் அவ்வளவு அழகாக இருக்கும், வெயிலில் நிற்காது. மண்ணிலிருந்து எடுத்த நிறங்கள் நிற்கும். அதனால்தான் கரை அப்படியே இருக்க, மனிதர் போய்விட்டார். போன நிறத்தைத் துடைத்தோ கழுவியோ கொண்டுவர முடியாது. மேலே புதிதாகப் பூசலாம், ஆனால் அது பூங்காவனம் வரைந்ததாக இருக்காது என்றேன். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று முனகினார். தெரியும் என்றேன்.

ஃபிரேமையாவது கழற்றிப் பார்க்கலாம் என்று, தரையில் வேட்டியை விரித்துப் படத்தைக் கவிழ்த்து, ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு திருப்பி வைத்தேன்.

கீழ் ஓரத்தில், ஃபிரேமின் விளிம்பு மூடியிருந்த இரண்டு விரல் அகலத்துக்கு... ரோஸ். நேற்று வரைந்ததுபோல.

அந்த ஓரத்தில்தான் நைனாவின் பாதங்கள் இருந்தன. ஃபிரேம் போட்டவர் சின்னதாக அளவெடுத்து அவற்றை உள்ளே அடக்கிவிட்டிருந்தார். செருப்பில்லாத பாதங்கள். விரல்களில் சாயங்கால வெளிச்சம்.

ஏழுமலை அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி பச்சையம்மாள் வந்து பார்த்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தினார்.

பிறகு அண்ணன் தானாகவே போனை எடுத்தார்.

"பூங்காவனம்... நீ வரைஞ்ச நைனாவ நான் வெயில்ல வச்சி அழிச்சிட்டேன்மா."

தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் பூங்காவனத்தின் குரல் கேட்டது.

"நீ இன்னா பண்ணுவ. அது நிக்காத கலருண்ணா. அழகா கீதேன்னு நான்தான் வாங்கினேன்."

"அன்னிக்கி உனுக்காக நான் காத்துக்கினு இருந்திருக்கணும்..."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பொங்கலுக்கு அவள் வந்தாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். பிரஷ்களும், வெயிலிலும் நிற்கிற வகை புது ரோஸும் கொண்டுவந்திருந்தாள். அவள் வரைந்த படம், அவள் பூசினால் நான் என்ன சொல்ல முடியும்? தட்டில் நிறத்தைக் கரைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். மதியம் வரை உட்கார்ந்தேயிருந்தாள். நிறம் தட்டிலேயே காய்ந்துவிட்டது.

கடைசியில், ஃபிரேமை மட்டும் மாற்றலாம் என்றாள். கால் தெரிகிற மாதிரி, பெரிதாக.

வெளிச்சம் பட்டால் அந்த ரோஸும் மெதுவாகப் போய்விடும் என்று சொல்லவேண்டியது என் வேலை. சொன்னேன்.

"போவட்டும். நாங்க பாத்துக்கினு இருக்கறப்போதானே போவுது," என்றாள் பூங்காவனம்.

வெயில் நுழையாத உள்ரூமில் மாட்டினார்கள். வெளுத்த மனிதர், பளிச்சென்ற பாதங்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள், அவர் இப்போதுதான் ஏரித் தண்ணீரிலிருந்து ஏறி வந்து நிற்கிறார் என்று நினைக்கிறார்களாம்.

இந்த வேலையிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது ட்யூபைக் கையில் எடுத்தால் நிறத்தின் பெயருக்கு முன்னால், அது வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்கும் என்ற குறியைத்தான் என் கண் தேடுகிறது. நான் வேலை பார்க்கிற ஓவியக் கேலரியில் விளக்குகள் மங்கல். ஏன் இவ்வளவு இருட்டு என்று வருகிறவர்கள் கேட்காத நாளில்லை.

காலேஜில் மத்தியானமானால் போதும்... பாதி முடித்த கேன்வாஸ்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மைதானத்துக்கு ஓடுவோம். வெயிலில் வைத்துப் பார்த்தால்தான் நிறம் சரியாகத் தெரியும் என்று. வேப்பமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கண் கூசக் கூச, ஒருத்தி படத்தை இன்னொருத்தி பார்ப்போம்.

அவ்வளவு வெளிச்சத்தில் ஒரு படத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.