இரண்டு பேர் படுக்கிற வேன்

பாசாரில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு இரண்டு கையிலும் பையோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். "அங்க நிக்காதே, அது பாத்ரூம்!" என்று வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. குனிந்து பார்த்தால், கார் நிறுத்துகிற இடம் முழுவதும் நீல நிற டேப். என் கணவர் டைல்ஸ் தரையில் ஒரு வேனை அதன் முழு அளவில் ஒட்டி வைத்திருந்தார். எங்கள் கார் பாவம், ரோட்டோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நான் பாத்ரூமைக் கடந்து, கட்டிலை மிதித்துக்கொண்டு, சமையலறைக்குப் போய் மீனைத் தொட்டியில் போட்டேன். அது நிஜமான சமையலறை. டேப்பில் இருந்த சமையலறையில் மீன் கழுவ இடமில்லை.

இந்தக் கூத்துக்கு விதை போட்டது நான்தான். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளைகள் வேலை வேலை என்று ஆளுக்கொரு ஊரில். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு சின்ன வேன் வாங்குவோம், கிழக்குக் கரைப் பக்கம் கடலோரமாகவே மெதுவாகப் போவோம், பிடித்த இடத்தில் நிற்போம் என்று சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். அதைத்தான் அவர் வசதியாக மறந்துவிட்டார். நாம் இரண்டு பேர் மட்டும் என்று சொன்னேன்.

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவர் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. யாராவது நம்புவார்களா? தேனிலவுக்குக் கேமரன் மலைக்குப் போனோம், மாமியாரோடு, நாத்தனாரோடு, நாத்தனார் குடும்பத்தோடு. வழியெல்லாம் நாத்தனாரின் கைக்குழந்தை என் மடியில்தான் வாந்தி எடுத்தது. இவர்கள் வீட்டில் ஹோட்டலில் தங்குவது பெரிய குற்றம். ஈப்போவில் அத்தை வீடு, குவாந்தானில் சித்தப்பா மகன் வீடு, ஜொகூரில் யாரோ ஒரு பெரியம்மா வீடு. அங்கே தங்காமல் வந்தால், "ஹோட்டல்ல தங்கினீங்களாமே?" என்று பத்து வருஷம் கழித்துக்கூட ஏதாவது கல்யாணப் பந்தியில் கேட்பார்கள். தங்கினாலோ, பெண்கள் எல்லோரும் அறைக்குள், ஆண்கள் எல்லோரும் ஹாலில். ராத்திரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் வரிசையாகக் கிடக்கிற கால்களைத் தாண்டிப் போய் இவரை எழுப்ப வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் சொந்தமாக ஒரு கூரையையே கூட்டிக்கொண்டு போய்விட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதுதான் என் திட்டம்.

அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். வேலையில் இருந்தபோது இந்த அக்கறையில் கால்வாசி காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பார். எந்த வண்டியின் அடிச்சட்டத்தில் கட்டுவது என்று, சாப்பிட உட்கார்ந்தால் சேஸி, படுக்கப் போனால் சேஸி. வேனை அப்படியே உள்ளே மாற்றிக் கட்டினால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து நேராகப் படுக்கைக்குப் போகலாம், ஆனால் உள்ளே தலை இடிக்கும். பிக்கப்பின் முதுகில் பெட்டி வைத்துக் கட்டினால் மேடு பள்ளத்துக்குப் பயமில்லை, ஆனால் மழையில் நனைந்துகொண்டுதான் பின்னால் போக வேண்டும். சின்ன லோரி சேஸி மலிவு, உள்ளே இடமும் தாராளம். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் நம் இடுப்பு எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பழைய வண்டியில் கட்டினால் ஒரு லட்சத்துச் சொச்சம் வெள்ளி செலவாகும், புது வண்டி என்றால் அதற்கு இரண்டு மடங்கு. வெளிநாட்டிலிருந்து கட்டிமுடித்து வருவதன் விலையைக் கேட்டுவிட்டு, அந்தப் பணத்துக்குப் பந்திங் பக்கம் ஒரு வீடே வாங்கலாம் என்றார். பந்திங் வீட்டை ஓட்டிக்கொண்டு கடலோரம் போக முடியுமா என்று கேட்டேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் உயிரை வாங்கியது உள்ளமைப்பு. பின்னால் நிரந்தரமாக ஒரு கட்டில், நடுவில் சின்ன பாத்ரூம், கதவோரம் அடுப்பு, எதிரெதிராக இரண்டு இருக்கை. முதல் வாரத்திலேயே இந்த அமைப்பு எனக்குப் பிடித்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கு" என்று இவரும் சொன்னார். அடுத்த வாரம் பார்த்தால் டேப் கொஞ்சம் நீண்டிருந்தது. பகலில் மேசை, ராத்திரி விரித்தால் இன்னொரு கட்டில். "எதுக்கு?" என்றேன். "ஒரு சேஃப்டிக்குத்தான்" என்றார். அதற்கடுத்து ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பரண் படுக்கை முளைத்தது. என் அடுப்பு சுருங்கி ஒற்றை அடுப்பானது. பாத்ரூம் கதவு திறந்தால் மேசை மடங்காது, மேசை மடங்காவிட்டால் கட்டில் விரியாது. வண்டி நீண்டு நீண்டு எங்கள் கேட்டைத் தாண்டி, கால்வாய்க்கு மேலே ஒரு சாண் போய்விட்டது. அந்த ஒரு சாணை மட்டும் டேப் ஒட்ட முடியாமல் சாக்பீஸில் கோடு போட்டிருந்தார்.

யாருக்காக இந்தக் கட்டில்கள் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நாத்தனாரும் அவர் கணவரும் வந்தார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் நாத்தனார் செருப்பைக் கழற்றினார், டேப்புக்கு வெளியே, ஏதோ உண்மையான வீட்டு வாசல் மாதிரி. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மேசை இருக்கிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"காத்து நல்லா வருது தம்பி. எங்க படுக்கை எது?"

இவர் தயங்காமல் காட்டினார். "இதாங்க்கா. மேசைய மடிச்சா உங்களுக்கும் மாமாவுக்கும் தாராளமா இருக்கும்."

நான் கையில் டீத் தட்டோடு நின்றேன். எங்கள் கட்டில் வழியாகத்தான் அவர்களுக்கு டீ கொடுக்க வேண்டியிருந்தது.

நாத்தனாரின் கணவர் எழுந்து கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்தார். டேப் ஓரமாக நடந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தலைமாடு வடக்கால வருது. ஆகாதே லா. கட்டில இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க."

"அண்ணே, இது வேன்" என்றேன். "போற இடத்துல வேனைத் திருப்பி நிறுத்திக்கலாம்."

"எதுக்கும் ஒரு முறை இருக்கில்லம்மா" என்றார் அவர். என் கணவர் அன்று மாலையே டேப்பை உரித்துக் கட்டிலைக் குறுக்கே திருப்பி ஒட்டினார். இப்போது எங்கள் வேன் வடக்கு பார்த்து நின்றாலும் தெற்கு பார்த்து நின்றாலும் படுப்பவர் கால் ஜன்னலில் இடிக்கும். நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இப்படியே ஒரு வருஷம் போனது. போன மாதம் ஸ்ரீ கெம்பாங்கானில் இந்த வேன்களைக் கட்டுகிற பட்டறை ஒன்றுக்குப் போனோம். எனக்கு வெறுத்துப்போயிருந்தது. இன்று முடிவு செய்யாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது என்று காரிலேயே சொல்லிவிட்டேன்.

அங்கே ஒரு சின்ன வேன் நின்றது. நான் முதல் வாரம் கேட்ட அதே அமைப்பு. விற்பவர் கதவைத் திறந்துவிட்டார். "அங்கிள், ஆன்டி, உள்ள உக்காந்து பாருங்க. இது டூ பெர்சன்தான். ஃபோர் பெர்சன் அந்தப் பக்கம் இருக்கு, இருங்க, சாவி எடுத்துட்டு வரேன்." அவர் ஆபீசுக்குப் போகவும், தகரக் கூரை இடிந்து விழுவது மாதிரி மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஆள் திரும்பி வரவில்லை.

எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு தட்டு வைக்கிற அளவு மேசை. முழங்காலோடு முழங்கால் முட்டியது. நான் ஒன்றும் பேசவில்லை, கோபம். அவரும் பேசவில்லை. கைப்பேசியை எடுத்தார், வைத்தார். அலமாரிக் கதவைத் திறந்தார், மூடினார். குழாயைத் திருகினார், தண்ணீர் வரவில்லை.

"பாத்தியா?" என்றார் திடீரென்று.

"என்னத்தப் பாக்க?"

"இப்படித்தான் இருக்கும். நீயும் நானும் மட்டும் போனா." மழைச் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது அவருக்கு. "அக்கா இருந்தா ஏதாச்சும் பேசிட்டு வருவாங்க. மாமா இருப்பாரு. நாம ரெண்டு பேரு மட்டும்னா… இத்தன நாளு என்னதான் பேசுறது? உனக்கு என்கூட போரடிச்சிடும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வருஷம் என் அடுப்பைச் சுருக்கி, கட்டிலைக் குறுக்கே போட்டு, என் காரை வெயிலில் காய விட்டு, இதற்குத்தானா? அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே பயந்து போயிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள் தன்னோடு சலித்துப்போவாளோ என்று இந்த வயதில் ஒரு மனிதருக்குப் பயம். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"இந்த ஒரு வருஷமா விடிஞ்சா அடைஞ்சா யாருகிட்டங்க பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். "லோரி சேஸி, பிக்கப் சேஸின்னு, அக்காகிட்டயா பேசினீங்க?"

"அது பேச்சு இல்லையே, சண்டை."

"அதேதான். போற வழியெல்லாம் அதையே போடுவோம்."

அவர் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. நாத்தனார். மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன தம்பி, வேன் பாத்தாச்சா? நாலு பேரு படுக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்த்தார். கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். இதை நான் சொன்னால் சாகிற வரைக்கும் நான் சொன்னதாகத்தான் இருக்கும்.

"இல்லக்கா" என்றார். "ரெண்டு பேருதான்."

"ரெண்டு பேருன்னா? நானும் மாமாவும் எங்கடா படுக்குறது?"

"வீட்ல படுங்கக்கா."

பட்டென்று இணைப்பு துண்டானது. அவர் நெற்றியில் வியர்வை. "தீபாவளி வரைக்கும் பேச மாட்டாங்க" என்றார். பேசாவிட்டால் பரவாயில்லை, வருஷா வருஷம் அவர் கொண்டுவருகிற முறுக்கை இந்த முறை நானே சுடுவேன் என்றேன்.

மழை விட்டதும் விற்பவர் பெரிய வேனின் சாவியோடு ஓடி வந்தார். அது வேண்டாம் என்று சொல்லி என் கணவர் இந்தச் சின்ன வேனுக்கே முன்பணம் கட்டினார். கட்டிய கையோடு, "அந்த லோரி சேஸியிலயே இதே அமைப்ப போட்டிருந்தா இன்னும் மலிவா வந்திருக்கும்" என்று காரில் ஏறும்போதே ஆரம்பித்தார். இடுப்பு போயிருக்கும் என்றேன். கிள்ளானில் எங்கள் வீடு வந்து சேரும் வரை விடாமல் சண்டை போட்டோம். பின்சீட்டில் யாரும் இல்லை.