எந்தக் கணினியிலும் ஓடும்

இரண்டாயிரமாம் ஆண்டுக்குச் சற்று முன்னால் பெங்களூர் ஓசூர் சாலையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு, லாரிகளின் எடையைப் பதிவுசெய்யும் புரோகிராமை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதினேன். ஜாவாவில் எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதுதான் அன்றைக்கு எங்கள் வேதம். தொழிற்சாலைக்காரர்களிடம் நானே மார்தட்டிச் சொன்னேன்.

ஆனால் எடை மேடையின் வயர் வழியே வரும் எடையைப் படிக்க எனக்கு ஜாவாவில் வழி பிடிபடவில்லை. விண்டோஸின் சொந்த ஃபங்ஷனை நேரே கூப்பிடும் ஒரு துண்டை சி மொழியில் எழுதிச் செருகிவிட்டேன். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன.

அவர்கள் என் பேச்சை நம்பி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கணினி வாங்கிவிட்டார்கள். அதில் இன்ஸ்டால் செய்ய, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணை அனுப்பினார் எங்கள் மேனேஜர். நீலசந்திராக்காரி, கூலி வேலைக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஆபீஸ் படி ஏறியவள். அந்த மாதம்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும்.

மத்தியானம் போன் செய்தாள். லைப்ரரி ஃபைல் கிடைக்கவில்லை என்று பிழை காட்டுகிறதாம். நான் செருகிய துண்டுதான் அது என்று கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. "மொதல்லேர்ந்து திரும்பப் போட்டுப் பாரும்மா" என்றேன். பாவி, அதைத்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நான்கு தடவை போட்டிருக்கிறாள். வெளியே லாரிகள் வரிசைகட்டி நிற்க, அங்கிருந்த சூப்பர்வைசர் கன்னடத்தில் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். புரோகிராமில் குறை இல்லை, இன்ஸ்டால் செய்ததில்தான் ஏதோ கோளாறு என்றேன். அந்த வாரமே சத்தமில்லாமல் லினக்ஸுக்கும் ஒரு துண்டு எழுதி எடுத்துப்போய், நானே ஓட்டிக்காட்டி, சபாஷும் வாங்கிக்கொண்டேன். நான் போனதும் ஓடியது என்பதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வேலை போயிற்று.

கடைசி நாள் என் மேசைக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தாள்.

"அந்த ஃபைல எந்த டைரக்டரியில போட்டிருக்கணும்ணா? அடுத்த எடத்துலயும் இதே தப்பு பண்ணிடக் கூடாது பாருங்க."

நான் வாய்க்கு வந்த ஒரு டைரக்டரியின் பெயரைச் சொன்னேன். ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.