மாப்பிள்ளைத் தோழர்

எங்கள் அரங்கத்தில் மைக், ஒலிபெருக்கி எல்லாம் பார்த்துக்கொள்ளும் மைக்காரருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். வேறு யார் தலையிலாவது பழியைப் போடலாம் என்றால், டிக்கெட் கவுண்டரில் என்னைத் தவிர வேறு ஆளே கிடையாது. என் வாய் சும்மா இருக்காது. அதற்காகப் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திருந்தியதில்லை.

முதலில் மனிதரைச் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான ஆள். நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், பலகை அடித்த ஒரு சின்ன அறைதான் அவர் ராஜ்ஜியம். அதில் ஒரு மேஜை, மேஜை நிறைய, சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டைகளோடு ஒரு ஒலி மிக்ஸர், சுவரில் ஆணியடித்து ஒயர்களை வளையம் வளையமாக மாட்டியிருப்பார். ஒரு ஒயர் இன்னொன்றோடு சிக்கி நான் பார்த்ததில்லை. வாடகை நாற்காலிபோல யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் இடம் அல்ல அது. மேலாளரே கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார்.

அவர் காது அப்படி. அறுநூறு நாற்காலிகளில் எது கிரீச்சிடுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். பதினோராவது வரிசை, சுவரோரம் என்பார். போய்ப் பார்த்தால் அதேதான். ஒருமுறை பெரிய பாடகி ஒருத்தி வந்து, பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைத்தாள். கூட்டம் சொக்கிப்போய்க் கிடந்தது. இவர் என் கவுண்டருக்கு வந்து, "பாட்டு மூச்சே விடலம்மா. பாடுறவங்கன்னா எங்கயாவது மூச்சு விடணும்ல" என்றார். அவ்வளவுதான். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். குளிர்சாதனப் பெட்டியின் நாலு காலுக்கும் ரப்பர் துண்டு வைத்திருக்கிறார், முனகக் கூடாதாம். அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். தைத்த துணி நன்றாக இருக்கிறது என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை, ஊசி மழுங்கிவிட்டது என்று மட்டும் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பாராம். அக்கா இதை என்னிடம் குறையாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் அவரைப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பது என் கோளாறு.

பேசும் பொம்மைக்காரர் எங்கள் அரங்கத்துக்கு முதல்முறை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக் காட்சி. டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதால் நானும் கவுண்டரை மூடிவிட்டுப் பின்வாசல் ஓரமாக நின்றுகொண்டேன்.

பொம்மைக்காரர் குண்டாக, சாந்தமாக, வங்கியில் காசோலை வாங்குகிறவரைப் போல இருந்தார். முழங்காலில் ஒரு பொம்மை. அதற்குக் கோட்டு, சப்பாத்து, சுருட்டை முடி, எப்போதும் எதிலோ திருப்தியில்லாத புருவம். பெயர் மாப்பிள்ளை. அவன் அவரை மாமா என்பான். வந்ததிலிருந்து ஒரே முறைப்பு. நாற்காலி சரியில்லை, வரவேற்பு சரியில்லை, மாமா கட்டியிருக்கும் டை போன வருஷம் தனக்கு வாங்கித் தருவதாகச் சொன்னது. முதல் ஐந்து நிமிஷம் அறுநூறு பேரும் மாமாவின் உதட்டையே குறுகுறுவென்று பார்த்தோம். முன்வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு அசைவு இல்லை. மாமா ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை அவருடைய குறட்டையைப் பற்றிப் புட்டுப் புட்டு வைத்தான். அதற்கப்புறம் உதட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். எப்போது விட்டோம் என்றுகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளை பேசினால் மாப்பிள்ளையைப் பார்த்தோம், மாமா பேசினால் மாமாவைப் பார்த்தோம். வித்தை என்றால் அதுதான் வித்தை.

நடுவில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டான். "மாமா, உங்களுக்கு மட்டும் மைக்கு. நான் பேசுறது பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதான்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றான்.

எழுதிவைத்த வசனம் அது. நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேடையின் பக்கவாட்டிலிருந்து மைக்காரர் வந்தார். கையில் இன்னொரு மைக், இன்னொரு ஸ்டாண்டு. நேராக மாப்பிள்ளையின் முன்னால் அதை நிறுத்தி, திருகாணியைத் தளர்த்தி, பொம்மையின் வாய் உயரத்துக்கு இறக்கி, முறுக்கினார். இரண்டு தட்டு தட்டினார். பிறகு குனிந்து, மரியாதையாக, "ஹலோ சொல்லுங்க" என்றார்.

யாரிடம்? பொம்மையிடம்.

மாப்பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்து, "இந்த ஊர்ல என்னை மதிக்கிற ஆளு இவர் ஒருத்தர்தான்" என்றான்.

கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மைக்காரருக்கு விஷயம் உறைக்கச் சில விநாடிகள் ஆயின. அது தெரிந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம். ஸ்டாண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது வரிசையில் அவர் மகள், பள்ளித் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், கழற்றாத செருப்பை.

அவர் முட்டாள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக மேடையில் யார் 'கேட்கவில்லை' என்றாலும் அவர் கால் தானாக எழுந்து ஓடும். யோசித்து எழுகிறவர் அல்ல. காதில் ஒரு குரல் சன்னமாக வந்தது, அந்தக் குரலுக்கு மைக் இல்லை, வைத்தார். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாப்பிள்ளைக்கு ஒரு தோழர் கிடைத்துவிட்டார் என்பதுதான். மாப்பிள்ளைத் தோழர் என்று நான் சொல்ல, கதவுக்காரர் சிரிக்க, விளக்குக்காரர் அதையே திருப்பிச் சொல்ல, மறுநாள் காலையில் தெருமுனைத் தேநீர்க் கடைவரை போய்விட்டது.

காட்சி முடிந்ததும் பொம்மைக்காரர் மைக்காரரைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொம்மைக்காரர் என்னிடம் சொன்னார்: "இருபது வருஷமா எல்லாரும் கை தட்டுறாங்கம்மா. பொம்மை பேசலன்னு தெரிஞ்சுதான் தட்டுறாங்க. நிஜமாவே அது பேசுதுன்னு கேட்டவர் இவர் ஒருத்தர்தான். அதுவும் இப்படி ஒரு காதுக்காரர். எனக்கு இதைவிட என்ன வேணும்? மறக்காம சொல்லிடுங்க."

மறக்கவில்லை. மறுநாளே சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் கேள்வி. கவுண்டர் ஜன்னல் வழியாக, நாலு பேர் இருக்கும்போது, "என்ன தோழரே, மாப்பிள்ளையோட மாமா உங்களை மெச்சிக்கிட்டாரு, உங்க காதுக்கு ஈடே இல்லையாம்" என்று இழுத்தேன். அந்த நாலு பேரும் சிரித்தார்கள். மைக்காரர் அதை இன்னொரு கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, தலையாட்டிவிட்டுப் போனார். சொன்ன சொல் சரி, சொன்ன குரல் சரியில்லை. குரலைத்தானே அவர் கேட்பார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம். பெயர் ஒட்டிக்கொண்டது. கூட்டம் நடத்த வருகிறவர்கள் மேஜைமேல் இருக்கும் பூச்சாடியைக் காட்டி, இதற்கும் ஒரு மைக் வையுங்கள் தோழரே என்பார்கள். அவர் கோபித்ததில்லை. ஆனால் தன் காதை நம்புவதை நிறுத்திவிட்டார். ஒரு தடவை சோதித்த மைக்கை மூன்று தடவை சோதித்தார். எந்த நாற்காலி கிரீச்சிடுகிறது என்று சொல்வதில்லை, எழுந்துபோய் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். மேடையில் யாராவது கேட்கவில்லை என்றால், பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மேலாளர் சைகை காட்டிய பிறகே போவார். வீட்டில் தையல் மிஷினைப் பற்றிக்கூடப் பேசுவதில்லையாம். ஊசி மழுங்கித் துணி கிழிந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது என்று அக்கா சொன்னபோது, எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை அந்தப் பலகைக் கதவுவரை போயிருக்கிறேன். போய், ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

போன மாதம் பொம்மைக்காரர் மறுபடி வந்தார். அதே ஞாயிறு, அதே நாலு மணி. இளைத்திருந்தார். கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆகி ஒரு வருஷமாம், அதற்குப் பிறகு இதுதான் முதல் மேடை. இது சரியாக வந்தால் தொடர்வேன், இல்லாவிட்டால் பெட்டியைப் பூட்டிவிடுவேன் என்று மேலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மதியம் மைக்கைச் சோதிக்கும்போது குரலை மிச்சம் பிடிக்க நாலே வார்த்தை பேசினார். மைக்காரரும் அவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னதோடு சரி. மைக்காரர் கண்ணை நிமிர்த்தவே இல்லை.

காட்சி தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் தெரிந்துவிட்டது. மாமாவின் குரல் கரகரவென்று எப்படியோ வந்தது. மாப்பிள்ளையின் குரல்தான் வரவில்லை. அந்தக் குரலைத் தொண்டையை இறுக்கித்தான் எடுக்க வேண்டும், அது இப்போது நூலாகி, நாலாவது வரிசையிலேயே அறுந்துபோனது. சத்தத்தைக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிட்டது. மைக்கை மாமாவின் தொண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கேட்கும், ஆனால் கூட்டத்தின் கண்ணும் தொண்டைக்கே போய்விடும், வித்தை அதோடு முடிந்தது. பொம்மையின் வாய் திறந்து திறந்து மூடியது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, கேட்கவில்லை என்றார். இந்த முறை அது வசனம் இல்லை. இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். பொம்மைக்காரரின் நெற்றி வியர்த்திருந்தது நான் நின்ற பின்வாசலிலிருந்தே தெரிந்தது. மாப்பிள்ளையின் தலை மெல்லத் தொங்கியது.

பலகைக் கதவு திறந்தது. மைக்காரர் என்னைத் தாண்டிப் போனார், கையில் ஒரு சின்ன மைக், குட்டை ஸ்டாண்டு. மேலாளரின் சைகைக்காக நிற்கவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே, அத்தனை பேரும் பார்க்க நடந்து மேடையேறினார். மாப்பிள்ளையின் முன்னால் ஸ்டாண்டை நிறுத்தினார். திருகாணியைத் தளர்த்தினார். இரண்டு தட்டு. குனிந்து, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, "மாப்பிள்ளை, ஹலோ சொல்லுங்க" என்றார்.

யாரோ ஒருவர் 'மாப்பிள்ளைத் தோழர்' என்று கத்தினார். அவ்வளவுதான், அரங்கம் அதிர்ந்தது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் அந்தச் சிரிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், மைக்கைப் பொம்மையின் கன்னத்தோரமாகச் சாய்த்தார். மைக்கின் முகம் மாப்பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை. சுருட்டை முடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நாலு விரல் தூரத்தில், மாமாவின் தொண்டையைப் பார்த்தது. முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பொம்மையும் பொம்மைக்கு ஒரு மைக்கும்தான். அவர் கை எப்படித் திரும்பியது என்று இத்தனை வருஷமாக அவரைக் கவனித்துவரும் எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். "ஹலோ" என்றான். கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து நிற்கும் என் காதில் வந்து விழுந்தது.

சிரிப்பு அடங்கவில்லை. மாப்பிள்ளை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "சிரிக்காதீங்க. எனக்கும் ஒரு வாய் இருக்குன்னு நம்பினது இவர் ஒருத்தர்தான். போன தடவை நன்றி சொல்லாம போயிட்டேன்" என்றான். மாமாவின் உதடு மூடியே இருந்தது. கண்தான் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

மைக்காரர் பொம்மைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கி வந்தார். அறைக்குள் போய்க் கட்டைகளில் ஒன்றை ஒரு மயிரிழை ஏற்றினார். நான் கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன். "அண்ணே, அன்னைக்கு பொம்மைக்காரரு உங்க காதைப் பத்திச் சொன்னது நிஜம். நான் சொன்ன விதம்தான் தப்பு. அந்தப் பேரும் நான் வச்சதுதான்" என்றேன். இந்த ஆறு வருஷத்தில் என் வாயிலிருந்து இழுவை இல்லாமல் வந்த முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. தனக்குக் கேட்டுவிட்டது என்பதுபோல ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். கண் மேடையில் இருந்தது, மாமா மேல் அல்ல, மாப்பிள்ளை மேல்.

"அப்புறம் பேசலாம்மா. மாப்பிள்ளை பேசிட்டிருக்காரு."