அவியாக் கண்ட கரடி

எங்கள் கடல்நாய்த் தோல் படகில் துடுப்புப் போடுவது பெண்கள். பின்னால் உட்கார்ந்து திருப்புவது மட்டும் ஆண், கிகுத்தாக். அவருக்குக் கண் மங்கிப் பல காலமாகிறது. முன்னால் உட்கார்ந்து பாறையையும் பனிக்கட்டியையும் பார்த்துச் சொல்வது அவியாக்தான். கரையில் இறங்கியதும், "என் கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று பீற்றிக்கொள்வதோ கிகுத்தாக். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவியாக் அவருடைய செத்துப்போன தம்பியின் மனைவி. சூரியன் வராத மாதங்களைக் கைக்குழந்தையோடு, முடி உதிர்ந்த பழைய தோல் போர்வைக்குள் ஒருமுறை எப்படியோ கழித்துவிட்டாள். அந்தத் தோலை நம்பி இன்னொரு குளிரைத் தாண்டப் பிள்ளைக்குத் தெம்பில்லை.

பனி உடைந்த சமயம் அது. "அதோ, கரடி!" என்று அவள் கத்தினாள். பக்கத்துச் சிறு படகுகளில் வந்த ஆண்கள் ஈட்டி எறிந்து கொன்றார்கள். கொன்றது யாராக இருந்தாலும் தோல் முதலில் கண்டவருக்குத்தான். அதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"நான் முன்னாடியே பாத்துட்டேம்மா. கத்துனா ஓடிடுமேன்னு சும்மா இருந்தேன்" என்றார் கிகுத்தாக்.

"மச்சான், உங்க மூக்கு நுனியே உங்களுக்குத் தெரியாதே!"

ஆண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தோலை அவர் கூடாரத்துக்கே தூக்கிப் போனார்கள். படகு நிறையப் பெண்கள் கேட்டோமே, எங்கள் காதெல்லாம் கணக்கில் இல்லையா?

கோடை முடிந்து, மீன் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீர். முன்னால் ஒரு கூர்ப்பாறை. அவியாக் பார்த்தாள். அவள் பார்த்ததை அடுத்த துடுப்பிலிருந்த நான் பார்த்தேன். இருவருமே வாய் திறக்கவில்லை.

படகின் அடித்தோல் கிழிந்தது. கிகுத்தாக் தலைகுப்புற விழுந்து, மீன்களுக்கு நடுவே எழுந்தார்.

"ஏண்டி, பாறைன்னு சொல்லக்கூடாதா?"

"முன்னாடியே பாத்துட்டேன் மச்சான். கத்துனா ஓடிடுமேன்னு சும்மா இருந்தேன்."

கரையே உருண்டு சிரித்தது, அவர் மனைவி உட்பட. பொழுது சாய்வதற்குள் அவளே கரடித்தோலைக் கொண்டுவந்து அவியாக்கின் கூடாரத்தில் போட்டுவிட்டுப் போனாள். பிள்ளை அந்தத் தோலுக்குள் சுருண்டு தூங்கியது.

இப்போது ஆண்கள் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "தம்பி பொண்டாட்டிக்குக் கரடித்தோலையே தூக்கிக் குடுத்த மனுஷன்யா!"

கொடுத்தாராம்! அவள் தோலை, அவளுக்கே!