மோந்து பார்த்த சர்பத்

சனிக்கிழமை மதியம் மும்பை சயானில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவோம். எல்லோர் வீட்டிலும் குடிக்கிற புருஷன். தாராவியிலிருந்து நான், காட்கோபரிலிருந்து ஓர் அக்கா, இன்னும் சிலர். பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து அழுது தீர்ப்போம். அழுது முடித்தால் வடாபாவ் உண்டு. போன மே மாதம் அந்த அக்காதான் ஆரம்பித்தாள், அழுதது போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுஹு கடற்கரைக்குப் போவோம், அங்கே புருஷன் பேச்சை எவளும் எடுக்கக் கூடாது என்று.

லீவு நாளில் நான் வீட்டில் காவல் இருப்பதால்தான் அவர் குடிக்காமல் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அவர் வெளியே போய் வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். அவருக்கும் அது பழகிப்போயிருந்தது. மத்தியானமே திரும்பிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கடற்கரையில் பாய் விரித்தோம். நான் போனை மடியில் வைத்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் கலந்த புளிப்பான கோகம் பழச் சர்பத்தைப் பழைய தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். முதலில் வாங்கியவள் மூடியைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டுக் குடித்தாள். அடுத்தவளும் மோந்தாள். நானும்தான். சுற்றி வந்த பாட்டிலைக் கடைசியில் அக்காவும் வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது.

"ஏட்டி, இது நான் கலக்குனதுல்லா," என்றாள்.

சிரித்தோம் பாருங்கள், பேல்பூரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். ஒருத்தி அடங்கினால் இன்னொருத்தி மூக்கைத் தொட்டுக் காட்டுவாள், மறுபடி ஆரம்பித்துவிடும். சிரித்த கையோடு புடவையோடு கடலில் இறங்கினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலமாயிற்று. வெயில் தாழ்ந்த பிறகுதான் போன் ஞாபகமே வந்தது. மத்தியானம் எப்போதோ போயிருந்தது.

வீட்டுக் கதவை அவர்தான் திறந்தார். வழக்கம்போல என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஊதட்டுமா?"

"வேண்டாம், தள்ளுங்க. ஒடம்பெல்லாம் மண்ணு, குளிக்கணும்."

அவர் குனிந்தபடியே நிற்க, நான் உள்ளே போய்த் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினேன். அன்று அவர் குடித்திருந்தாரா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.