பிஸ்கட் டப்பாவுக்குள் போன அணில்

அது அணில் இல்லை, சிப்மங்க் என்று மகள் எத்தனையோ முறை திருத்தினாள். நான் கேட்கவில்லை. "நம்மூர் அணில்தான்டி. முதுகுல கோடு ரெண்டு கூட இருக்கு, அவ்ளோதான்" என்பேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரிப் பேசுவது என் பழக்கம்.

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கோடை முடியும் சமயத்தில், பின்னங்காலில் அடிபட்டுக் கிடந்தது. எட்டு வயது மகள் அழுத அழுகையில் கூண்டு வாங்கி பேஸ்மென்ட்டில் வைத்தோம். காட்டுப் பிராணியை வளர்க்க அனுமதி வாங்க வேண்டும் என்று கணவர் முனகினார். "கால் சரியானதும் விட்டுடலாம்" என்றேன். கால் சரியானது. விடவில்லை.

அக்டோபரில் அதன் போக்கு மாறியது. போட்ட சூரியகாந்தி விதையையெல்லாம் கன்னம் புடைக்க அடைத்துக்கொண்டு போய் வைக்கோலுக்கு அடியில் பதுக்கியது. துணி துவைக்க இறங்கும்போதெல்லாம் அந்தச் சரசரப்பு கேட்கும். ஏதோ வரப்போகிறது என்று அதற்கு மட்டும் தெரிந்த மாதிரி ஓர் அவசரம். "பட்டினி போடற வீடா இது?" என்று அதனிடமே சண்டை போட்டேன்.

ஜனவரிக் குளிரில் ஒருநாள் சரசரப்பு நின்றுபோனது. ஹீட்டர் எட்டாத மூலை அது. இரண்டு நாளாக விதை குறையவில்லை. "ஷி இஸ் ஸ்லீப்பிங்மா. டோன்ட் டச் ஹெர்" என்றாள் மகள்.

வெள்ளிக்கிழமை காலை, கணவர் ஆபீஸுக்கும் அவள் பள்ளிக்கும் போன பிறகு, கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பந்தாகச் சுருண்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழம் போலச் சில்லென்றிருந்தது. மூச்சே தெரியவில்லை.

பாவம், செத்ததை ஒத்துக்கொள்ளக் குழந்தைக்கு மனசு வரவில்லை என்று நினைத்தேன். அன்று தை வெள்ளி. சாயங்காலம் விளக்கேற்ற வேண்டிய வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? பத்தரைக்கு ராகு காலம் வேறு. அதற்குள், அவள் கண்ணில் படாமல் முடித்துவிடுவதுதான் அவளுக்கும் நல்லது என்று முடிவு செய்தேன்.

ஊசி நூல் போட்டு வைத்திருந்த பிஸ்கட் தகர டப்பாவைக் காலி செய்தேன். மஞ்சள் தடவிய துணியில் அதைச் சுற்றி உள்ளே வைத்து, இரண்டு சொட்டுப் பால் விட்டேன். நரி வந்து திறந்துவிடக் கூடாதே என்று மூடியைச் சுற்றி பார்சல் டேப்பை மூன்று சுற்று ஒட்டினேன். வேலியோரம் மண் கல்லாக உறைந்திருந்தது, மண்வெட்டி இறங்கவில்லை. பனியைத் தள்ளி, டப்பாவை வைத்து மூடினேன். மணி பத்து இருபது. தலைக்குக் குளித்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மூன்றரைக்கு ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராக பேஸ்மென்ட்டுக்குப் போனாள். மேலே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வேர் இஸ் ஷி?"

சொன்னேன்.

சாப்பாட்டு மேஜையில் கிடந்த பள்ளி நூலகப் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். சிப்மங்க் குளிர்காலத்தில் உடம்பு சில்லிட்டு, மூச்சு வெகுவாகக் குறைந்து, நாள்கணக்கில் தூங்குமாம். நடுநடுவே விழித்து, பதுக்கியதைத் தின்றுவிட்டு மறுபடி தூங்குமாம். இரண்டு வாரமாக அந்தப் புத்தகத்தை நகர்த்தி நகர்த்தித்தான் நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினோம். டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். மூடி திறந்தபோது அது சுருண்டிருக்கவில்லை. மஞ்சள் துணி நார்நாராகக் கிழிந்திருந்தது. முன்னங்கால்கள் மூடியை நோக்கி நீண்டிருந்தன. தகரத்தின் உள்பக்கம் மெல்லிய கீறல்கள். இந்த முறை நிஜமாகவே செத்திருந்தது.

"தெரியாம பண்ணிட்டேன்டா கண்ணு" என்றேன்.

அவள் அழவில்லை. டப்பாவைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். "ஐ டோல்ட் யூ" என்றாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஒன்பது மணியாகியும் எழுந்திருக்கவில்லையே என்று எழுப்பப் போனேன். அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழ் வகுப்பில் ஆசிரியை கெஞ்சினாலும் ஒரு வரி எழுத மாட்டாள். இதைத் தமிழில் எழுதியிருந்தாள், நான் கட்டாயம் படிக்க வேண்டும் என்று. கோணல் எழுத்து, பல முறை அழித்து அழித்து எழுதியது.

"அம்மா, நான் தூங்குறேன்."